மெழுகு வைத்த தக்காளி

19-2-84, ஞாயிறு

காலையில் பனி. எதிர் வீடு தெரியவில்லை. தக்காளி விலை விழும் என்று பொங்கலுக்கு முன்பே சொன்னவன் நான். திண்டிவனத்தில் வேறு யாரும் சொல்லவில்லை. இன்று மார்க்கெட்டில் பனமலைப் பக்கத்துத் தக்காளி, தரையெல்லாம். மாடுகூட முகர்ந்துவிட்டுப் போகிறது.

கடைக்காரர் கன்னியப்பன்: "அண்ணாத்தே, கேட்ட வெலைக்கு எடுத்துக்கினு போ. சாயங்காலம் ஆச்சின்னா குப்பையிலதான் கொட்டணும்." மூன்று கூடை, ரிக்‌ஷாவில். மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது.

வேண்டியவை: வாய் அகன்ற பாட்டில் (அக்கம்பக்கத்தில் கேட்க). மெழுகுவத்தி. கெரசின்.

சரோஜா கூடைகளைப் பார்த்து, "யார் வூட்டுக் கல்யாணம்?" என்றாள். கட்டின புருஷனைக் கேட்கிற கேள்வியா?

கல்யாணம் இல்லை. செல்விக்கு. செத்துப்போன என் அக்காவின் மகள். விழுப்புரத்தில் கட்டிக் கொடுத்தது. ஏழாம் மாதம், கால் வீக்கம். உப்பு ஆகாது, ஊறுகாய்ப் பக்கமே போகாதே என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். போன வாரம் பார்க்கப் போனபோது, "புளிப்பா எதனா வேணும் மாமா, வாயே செத்துப் போச்சு" என்று அழுதாள். சித்திரை வெயிலில் தக்காளியும் கிடைக்காது. எழுந்து நின்று சொல்லிவிட்டேன்: உப்பே இல்லாமல் ஒரு வருஷம் கெடாத தக்காளி போட்டுத் தருகிறேன். பொம்மையார்பாளையத்தில் வெள்ளைக்காரர் தங்கும் விடுதியில் சமைக்கிற மாஸ்டர் எனக்கு மட்டும் சொன்ன வித்தை. அவள் மாமியார் எனக்கு இன்னொரு டம்ளர் காப்பி கொண்டுவந்தார்.

20-2, திங்கள்

வேக வைத்து, தோல் உரித்து, மசித்து, சூட்டோடு பாட்டிலில். மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றினேன். காற்றுப் புகாவிட்டால் எதுவும் கெடாது. முழு சயின்ஸும் அவ்வளவுதான். விரலில் கொப்புளம்.

சரோஜா விடவில்லை. "உப்பு போடல, எண்ணெ ஊத்தல. இது எப்பிடி தாங்கும்?"

"மாஸ்டர் சொன்னது."

"அந்த மாஸ்டர் பேரு இன்னா?"

"மாஸ்டர்னா மாஸ்டர்தான்."

அலமாரியில் இரண்டு தட்டு நிறையச் சிவப்பு. பொருட்காட்சி தோற்றது. பக்கத்து வீட்டு வாத்தியார் பார்த்துவிட்டு, பேக்டரியே வைக்கலாம் என்றார்.

21-2, செவ்வாய்

செல்வியின் வீட்டுக்காரர் வேலையாக இங்கே வந்திருந்தார். மூன்று பாட்டிலை வைக்கோல் சுற்றி பஸ் ஸ்டாண்டில் கொடுத்தேன்.

"எப்போ தொறக்கலாம் மாமா?"

"அமாவாசை வரைக்கும் மூடியைத் தொடக் கூடாது. மாஸ்டர் கண்டிஷன்."

கண்டக்டரும் மரியாதையாகப் பார்த்தார். மூன்றாம் பாட்டிலுக்குத் தனி சீட்டே கொடுத்திருப்பார்.

25-2, சனி

வெயில் ஏறிவிட்டது. ஒரு பாட்டிலில் சின்னச் சின்னக் குமிழி. மூச்சு விடுகிறது, நல்லதுதான் என்று சரோஜாவிடம் சொன்னேன். அவள் அந்த அலமாரியிலிருந்த அரிசி டப்பாவை வேறு இடத்துக்கு மாற்றினாள். மெழுகில் முடி போல ஒரு கீறல். அதில் எறும்பு. துடைத்தேன். மறுபடி எறும்பு.

செருப்பு தைக்கக் கொடுத்தது இன்னும் வாங்கவில்லை.

27-2, திங்கள்

பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். டமார். ஓடிப்போய்ப் பார்த்தால் மூடி கூரையில் பட்டு விழுந்து உருள்கிறது. சுவரெல்லாம் சிவப்பு. கள்ளுக்கடை நாற்றம். உடனே இன்னொன்று. சரோஜா முறத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அலறினாள்.

"ஏங்க, செல்வி! அந்தப் பொண்ணு துன்னிருந்தா?"

தந்தி ஆபீசுக்குக் கிளம்பினேன். வாசலில் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பைத்தியமா உங்களுக்கு? தந்தின்னு ஒருத்தன் வந்து நின்னாலே யாரு செத்தாங்கன்னு அது மயங்கி விழும். புள்ளத்தாச்சிப் பொண்ணு. ஜல்தியா பஸ்ஸப் புடிங்க."

பஸ்ஸில். வண்டி குலுங்குகிறது, எழுத்தும். கூட்டேரிப்பட்டில் டிரைவர் டீ குடிக்க இறங்கிவிட்டார். அமாவாசை வெள்ளிக்கிழமை. இன்னும் வரவில்லை. ஆனால் வாய் செத்த பிள்ளை பொறுக்குமா? அவள் வீட்டுக்காரர் சொன்னாரா, மறந்தாரா? பக்கத்து சீட்டுக்காரர் என் சட்டையில் ரத்தம் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தார். தக்காளிச் சாறுதான். நினைத்துக்கொள்ளட்டும்.

அதே நாள், விழுப்புரம்

செல்வி கால் நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னா மாமா, சட்டையெல்லாம்?"

நேரே சமையலறை. மூன்றும் மாடத்தில். மூடிகள் உப்பி நின்றன. மெழுகு உடையவில்லை. ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தாள். ஈரச் சாக்கைச் சுற்றிக் கொல்லைக்குக் கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்தேன்.

மாமியார் பின்னாலேயே வந்தார். "குடுத்ததும் நீங்க, பொதைக்கிறதும் நீங்களா? மார்க்கெட்டுல கொட்டிக் கெடக்குது. பச்சையா ஒண்ணு நறுக்கிக் குடுத்தா புளிப்புக்கு ஆவாதாண்ணே?"

இதை நானும் யோசித்து வைத்திருந்தேன் என்றேன். இந்த முறை தக்காளி ஜாதி சரியில்லை என்று மாஸ்டர் ஆள் விட்டுச் சொன்னார் என்றும் சொன்னேன்.

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நேத்து கத்தி எடுத்து மெழுகச் சொரண்டவே போய்ட்டேன் மாமா. மாஸ்டர் அமாவாசைன்னாராமே, மீறினா கொழந்தைக்கு ஆவாதோன்னு பயந்து வச்சிட்டேன். அந்த மகராசன் வாயாலதான் தப்பிச்சிக்கினேன். கொழந்த பொறந்ததும் மொதல்ல அவரு கால்ல போடணும். கூட்டிக்கினு போறீங்களா?"

கூட்டிப் போகிறேன் என்றேன். வேறென்ன சொல்ல.

இதை யாரும் பார்க்கப் போவதில்லை. பொம்மையார்பாளையத்தை பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி, இறங்கியதுகூட இல்லை. அமாவாசை, பஸ் ஸ்டாண்டில் வாயில் வந்தது. மாஸ்டர் என்று ஒருவர் இல்லை.