எல்லோரும் சுகம் என்று போன தந்திகள்

நயினார்கோவில்
20-10-1962

அன்புள்ள அத்தானுக்கு,

தென்துருவத்துக்கு வருஷத்தில் ஒரே கப்பல்தான் என்பதால், இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். காலையிலிருந்து வயலுக்கும் வீட்டுக்குமாக நடக்கிறேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

மழை பெய்து விதைத்தாகிவிட்டது. இப்போது எல்லா வயலையும் உங்கள் தம்பி வீரபத்திரன்தான் பார்க்கிறான்.

அந்தப் பனியில் காற்றையும் குளிரையும் அளந்துகொண்டு இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டுமா என்று தந்தியில் கேட்டிருந்தீர்கள். பதிலுக்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஆனி மாதம் உங்கள் அய்யா காய்ச்சலில் படுத்தார். "ஏத்தா, அவனுக்குச் சொல்லிராத. கப்பல் வராத எடத்துல கெடந்து தவிச்சுப் போவான்" என்றார். மூன்றாம் நாள் போய்விட்டார். வீரபத்திரன்தான் கொள்ளி வைத்தான்.

அதற்குப் பிறகு உங்களுக்கு வந்த மூன்று தந்திகளிலும் "எல்லோரும் சுகம்" என்று எழுதினவள் நான்தான். நீங்கள் அதை நம்பி நிம்மதியாக இருப்பீர்கள் என்ற நினைப்புதான் என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை.

கப்பல் அங்கே பத்து நாள் நிற்குமாம். இருப்பதா, வருவதா என்று அதற்குள் முடிவு செய்யுங்கள். என்னைத் திட்டத்தான் தோன்றும். திட்டுவதை நேரில் வந்து திட்டுங்கள், அத்தான்.

உங்கள் மனைவி