மச்சானை அமுக்க மூன்று பிக்கப்

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றும் அமுக்கிவிட்டான்.

கச்சேரியில் அக்காவின் பாட்டு. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் என் கிடார் தனியாக வரும் இடம். பள்ளிக்கூடத்தில் அவள் மேடையேறிய காலத்திலிருந்து அது என்னுடையது. ஒருவர் தனியாக வாசித்தால் மற்றவர்கள் சத்தத்தைக் குறைக்க வேண்டும், எங்கள் குழுவில் யாரும் சொல்லித்தர வேண்டாத வழக்கம். டிரம்ஸ்காரருக்குத் தெரியும். கீபோர்டு வாசிப்பவருக்குத் தெரியும். அக்காவைக் கட்டிக்கொண்ட ஒரே தகுதியில் உள்ளே வந்த மச்சானுக்கு மட்டும் தெரியாது. தன் கிடாரைக் கரகரவென்று என் மேல் ஏற்றி நிறுத்தினான். என் விரல் ஓடியதை நான் பார்த்தேன், அவ்வளவுதான். கேட்கவில்லை.

கேபிள் சுருட்டும்போது சொன்னேன். "மச்சான், அந்த இடத்துல கொஞ்சம் குறைச்சுக்கங்க."

"நான் எங்க மாப்ள ஏத்துனேன்? உன் கிடாருக்குத் தொண்டையே இல்ல. அதுக்கு நான் என்ன பண்றது?"

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும். வாய் நிறைய 'நீங்க' போட்டே தீரவேண்டிய உறவு. இங்கேயாவது 'அவன்' என்று எழுதிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 10

தொண்டையே இல்லையாம்.

பிப்ரவரி 12

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டே அதை நினைத்தேன். ஓரம் அதிகம் தேய்ந்து ஒரு லென்ஸ் பாழ். "யார் மேல கோபம்?" என்றார் முதலாளி. "யார் மேலயும் இல்ல சார்."

யோசித்துப் பார்த்தால், அவன் கிடாரும் என்னுடையதும் ஒரே வடிவம்தான். என்னுடையது பழைய பாணியில் செய்தது. கம்பிகளுக்கு அடியில் மூன்று பிக்கப். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் காந்தச் சுருள்கள். பழைய பாணி என்பதால் சுற்று குறைவு, சத்தமும் சாது. என் ஆம்ப்பையும் ஏற்கெனவே கடைசி வரை திருகியாயிற்று. அவனுடையதில் இருப்பது முரட்டு பிக்கப். வித்தியாசம் அதுதான், விரலில் இல்லை.

பிக்கப்பை மாற்றலாமே. ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

பிப்ரவரி 15, சனி

புகை அண்ணன் கடைக்குப் போனேன். எந்நேரமும் ஈயப் புகைக்குள் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர். இந்த ஊரில் கிடாரைத் திறந்து வேலை செய்ய அவர் ஒருவர்தான். என்னிடம் இருப்பதைவிடச் சூடானது, அதாவது சத்தம் கூடியது, வேண்டும் என்றதும் மூன்று வகையை எடுத்து வைத்தார். ஒன்று என் பழசு மாதிரியே, சுற்று மட்டும் கொஞ்சம் அதிகம். இன்னொன்றில் காந்தம் பலமானது. கடைசியாக வைத்தது ஒரே கூட்டுக்குள் இரட்டைச் சுருள்.

"இதுதான் இருக்கறதுலயே சூடு. கம்பியத் தொட்டாலே கத்தும்," என்றார். "ஆனா உனக்கு இது வேணாம் தம்பி. முதல் வகையில ஒண்ணு வாங்கி, கம்பி முடியற கடைசிப் பக்கம் மட்டும் மாத்திக்க. கழுத்துப் பக்கம் இருக்கறதத் தொடாத. அந்த மணிச் சத்தம் வேற எதுலயும் வராது."

"மூணையும் மாத்துங்க. இரட்டைச் சுருளே போடுங்க."

"யார அடிக்கப் போற?"

கிடாரை அவர் மேசைமேல் வைத்தேன். வேலை முடித்து, கழற்றிய மூன்றையும் ஒரு துணியில் சுற்றி நீட்டினார். வாங்கிக்கொள்ளவில்லை.

"நீங்களே வச்சுக்கங்க. யாருக்கு வேணும்னாலும் போட்டு விடுங்க. என் கண்ணுல படவே கூடாது."

சொன்னபோது சுகமாக இருந்தது.

பிப்ரவரி 16

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கிடாரா, ரம்பமா?"

ரம்பம்தான். போதாதென்று, மூக்குக்கண்ணாடிக்கு வைத்திருக்கும் குட்டித் திருப்புளியால் பிக்கப்புகளைக் கம்பிக்கு நெருக்கமாக உயர்த்தினேன். ஒட்டாத குறை.

பிப்ரவரி 20

ஒத்திகையில் மானம் போயிற்று. எத்தனை தடவை முறுக்கினாலும் சுருதி நிற்கவில்லை. தடிமனான கம்பி அழுகிற குரலில் ஆடியது. "தொண்டை வந்துச்சு, சளியும் வந்துச்சு," என்றான். மறுபடி சிரிப்பு.

புகை அண்ணனுக்குப் போன் போட்டேன். "கம்பிக்கு ஒட்டி ஏத்திட்டியா? காந்தம் கம்பியப் பிடிச்சு இழுக்கும்டா. இறக்கு."

இறக்கினேன். சுருதி நின்றது. சளியாம். இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை வரட்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அமுக்கினேன்.

என் இடத்தில் மட்டுமில்லை, அவன் தனியாக வாசித்த இடங்களிலும் குறைக்கவில்லை. அவன் ஆம்ப்பைத் திருகித் திருகிப் பார்த்தான். என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு அழகான காட்சி பார்த்ததில்லை.

முடிந்ததும் வந்தான். "என்ன மாப்ள, குறைக்கவே மாட்டியா?"

"நான் எங்க மச்சான் ஏத்துனேன்?"

இதைச் சொல்லத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

வண்டியில் அக்கா முன்சீட்டில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "நான் பாடறது எனக்கே கேக்கல," என்றாள். ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். அவனிடம் சொன்னாளா, என்னிடமா?

அவனிடம்தான்.

பிப்ரவரி 25

அக்கா போன் செய்தாள். "உங்க ரெண்டு பேர் சண்டையில என் பாட்டு நாறுது. இனிமே அந்த இடத்த முறை வச்சு வாசிங்க. அடுத்த தடவை அவரு, அதுக்கடுத்து நீ."

"அது என் இடம்க்கா."

"அப்ப என் பாட்டு யாரோடது?"

வைத்துவிட்டாள்.

சரி, வாசிக்கட்டும். வாசித்தால் கேட்க வேண்டுமே. அவன் முறையில் ஒரு சுரம்கூட வெளியே போகாது.

பிப்ரவரி 27

எதற்கோ அந்த இடத்தைப் பழைய மாதிரி வாசித்துப் பார்த்தேன். வரவில்லை. மெதுவாகத் தொட்டாலும் கத்துகிறது. வால்யூமைக் குறைத்தால் கம்பளி போர்த்தியது போல் அடைத்துக்கொள்கிறது. விரல் அதேதான்.

ஜெயித்தவனுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி?

மார்ச் 4

அந்தப் பக்கம் வேலை இருந்தது என்று பொய் சொல்லிக்கொண்டு புகை அண்ணன் கடைக்குப் போனேன். "பழசு இருக்காண்ணே?"

"யாருக்கு வேணும்னாலும் போடச் சொன்ன. மணிச் சத்தம் வேணும்னு ஒருத்தர் வந்தாரு, போட்டாச்சு."

"யாருக்கு?"

ஈயக் கம்பியை எடுத்துக்கொண்டு மேசைமேல் குனிந்துவிட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

அவன் முறை. முதல் சரணம் முடிவதற்குள் வால்யூமைக் கடைசி வரை திருகி, கையை ஓங்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

அவன் ஆரம்பித்தான். கரகரப்பு இல்லை. மணி மாதிரி, தெளிவாக, கொஞ்சம் கூச்சத்தோடு வந்தது. என் கிடார். என் பழைய மூன்றும் அவன் கம்பிக்கு அடியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தன.

அக்கா கண்ணை மூடியிருந்தாள். அந்தச் சத்தம் வந்ததும், பள்ளிக்கூட நாளிலிருந்து செய்வது போலவே, சிரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு கண்ணைத் திறந்தாள். என் கை கம்பியில் இல்லாததைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. மெதுவாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் வால்யூமைக் குறைத்தேன். முழுக்கக் குறைத்தேன். அவனுக்காக இல்லை. எனக்கு அது கேட்க வேண்டியிருந்தது.

கேபிள் சுருட்டும்போது அவன் பக்கத்தில் வந்து தோளைத் தட்டினான். "எனக்காகக் குறைச்சியே மாப்ள. தேங்க்ஸ்டா."

"பரவால்ல மச்சான்," என்றேன்.