பதினோரு விநாடிப் பாட்டு

மார்ச் 4, 2019

அன்புள்ள தையலுக்கு,

உறையின் மேல் உள்ள கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

நலமா என்று கேட்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன். உன் முகவரியை உன் தங்கைதான் கொடுத்தாள். பேருந்து நிலையத்தில் என்னைக் கண்டு, "கரடி அண்ணா, இப்பவும் கத்துறீங்களா?" என்றாள். பக்கத்தில் நின்ற கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். நான் அங்கே அறிவிப்பாளர். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று ஒரு நாளைக்கு இருநூறு முறை சொல்கிறவன். அந்த வாயா இந்த வாய் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

போன வாரம் என் மகள் பரணிலிருந்து நம் பழைய கேசட் ஒன்றை எடுத்து வந்தாள். கிரைண்ட்கோர் என்றால் என்ன என்று கேட்டாள். பங்க் இசைக்காரர்களின் வேகத்தையும் மெட்டல் இசைக்காரர்களின் கனத்தையும் ஒன்றாகப் போட்டு அரைத்தது என்றேன். எண்பதுகளின் நடுவில், தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்த வெளிநாட்டு ஊர்களில், வேலையும் இல்லாமல் கோபத்தைக் கொட்ட இடமும் இல்லாமல் இருந்த பையன்கள் தொடங்கியது. ரேடியோ தொடவில்லை, கடை வாங்கவில்லை, கேசட்டில் பதிந்து தபாலிலேயே உலகம் சுற்றியது என்றேன். எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு கேசட்டைப் போட்டாள்.

"அப்பா, இதுல பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

"முடிஞ்சிருச்சும்மா."

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்ல முடியாத விஷயம். பேச்சைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாதமாகத் தொண்டை கட்டியிருந்தது. சாதாரணக் கரகரப்பு என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். இப்போது புற்று என்கிறார்கள். வருகிற 28, வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. குரல்வளையை முழுதாக எடுத்துவிடுவார்கள். உயிருக்குப் பயமில்லையாம். கத்திக் கத்தித்தான் வந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். சிகரெட்டால் வந்தது என்றார். நம் இசை தப்பித்தது.

எனக்கு ஒரே ஓர் ஆசை. நாம் கடைசியாகப் போட்ட பதினோரு விநாடிப் பாட்டு, பதிவு செய்யாமலே நின்றுபோனதே, அதற்கு நீ டிரம்ஸ் மட்டும் அடித்து ஒரு கேசட்டில் அனுப்பு. கிட்டார் வேண்டாம், வேறு ஒன்றும் வேண்டாம். இருக்கிற குரலை அதன் மேல் போட்டுவிடுகிறேன். இது போன பிறகு கேட்டு என்ன பயன்?

மாட்டேன் என்றாலும் ஒரு வரி எழுதிப் போடு.

உன்
கரடி


மார்ச் 9, 2019

கரடிக்கு,

அன்புள்ள என்று போடக் கை வரவில்லை. போகப் போகப் பார்க்கலாம்.

முதலில் என் ஸ்டாம்ப் எங்கே? மறந்திருக்க மாட்டாய். ஸ்டாம்பின் மேல் மெல்லிசாகப் பசை தடவி அனுப்புவோம். தபால் ஆபீஸில் குத்துகிற முத்திரை பசையின் மேல்தான் விழும். தண்ணீரில் ஊறவைத்தால் முத்திரை கரைந்துபோய் ஸ்டாம்ப் மறுபடியும் புதுசு. நமக்குக் கேசட் அனுப்பிய ஊர் பேர் தெரியாத வெளிநாட்டுக்காரன் எவனோ சொல்லிக்கொடுத்த திருட்டுத்தனம். பத்தாம் வகுப்பு முடிந்து நீ ஊர் மாறிப் போன பிறகு, அந்த மீன்கொத்திப் பறவை ஸ்டாம்ப் ஒன்றே நமக்குள் பதினேழு தடவை போய் வந்தது. நீ திரும்பி வந்து நாம் ஷெட்டைப் பிடித்து வாசிக்கத் தொடங்கியபோது அதை என் பர்ஸில் வைத்திருந்தேன்.

லிஃப்ட் கம்பெனி வேலை வந்து, நான் போய்ச் சேர வேண்டிய நாளும் நம் பாட்டைப் பதிவு செய்ய வேண்டிய நாளும் ஒன்றாகிப்போனது. நேரில் சொல்லத் தைரியமில்லாமல் போய்ச் சேர்ந்த பிறகுதான் உனக்கு எழுதினேன். அது என் தப்பு. அந்தக் கடிதத்தில் மீன்கொத்தியைத்தான் ஒட்டியிருந்தேன். உன் பதில் வேறொரு ஸ்டாம்பில் வந்தது. உள்ளே ஒரே வரி: 'நீ மெதுவாகிவிட்டாய்.' டிரம்ஸ் அடிக்கிறவனைப் பார்த்து அதைவிடக் கேவலமாக ஒன்று சொல்லிவிட முடியாது. இருபத்தாறு வருஷமாக லிஃப்டுக்கு கிரீஸ் போடும்போதெல்லாம் அந்த வரி காதில் ஓடும்.

இவ்வளவு கோபத்தையும் எழுதி முடித்துவிட்டு, உன் கடிதத்தில் அந்தத் தேதியை மறுபடி படித்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். என்னடா இது.

அடிக்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்தின் லிஃப்ட் என் பொறுப்பில் இருக்கிறது. அங்கே இசை அறையில் ஒரு டிரம் செட் உண்டு. மாலையில் பிள்ளைகள் போன பிறகு வாசித்துக்கொள்ளலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். என்ன மாதிரி வாசிப்பீர்கள் என்றார். வாசித்துக் காட்டினேன். "சார், நீங்க லிஃப்ட் ரிப்பேர்தானே?" என்று இரண்டு தடவை உறுதிப்படுத்திக்கொண்டார். பாவம், பிளாஸ்ட் பீட் என்கிற அந்த இடைவிடாத அடியை முதல்முதலாகக் கேட்கிறவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். நம் ஷெட்டுக்கு எதிர்வீட்டு அம்மா, உள்ளே யாரோ தையல் மெஷினை நிறுத்தாமல் ஓட்டுகிறார்கள் என்று நினைத்துப் பாவாடை தைக்கக் கொடுக்க வந்தாரே, எனக்கு இந்தப் பெயரே அதனால்தானே வந்தது.

வலது மணிக்கட்டு முன்போல் இல்லை. ஆனாலும் பார்த்துவிடுகிறேன். நம் பழைய நாலு டிராக் ரெக்கார்டிங் மெஷின் இன்னும் என்னிடம் ஓடுகிறது. அதில் பதிந்து அனுப்புகிறேன். அதுவரைக்கும் பேசாதே. வெந்நீர் குடி.

தையல்


மார்ச் 23, 2019

அன்புள்ள தையலுக்கு,

கேசட் கிடைத்தது. பாடிவிட்டேன்டா.

வீட்டில் இருக்கிற இரட்டை டெக்கில் ஒரு பக்கம் உன் கேசட்டை ஓட்டி, மைக்கைப் பிடித்துக்கொண்டு, மறு பக்கம் புது கேசட்டில் பதிந்தேன். பட்டனை அழுத்தியது என் மகள். பட்டனை எப்போது அழுத்துவது என்று மூன்று தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டாள்.

ஒன்றைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். மறைத்தாலும் கேட்கும்போது உனக்கே தெரிந்துவிடும். முதல் தடவை உன் டிரம்ஸைக் கேட்டபோது கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்திரண்டு விநாடி. சரிபாதி வேகம். மறுபடி போட்டுப் பார்த்தேன், அதேதான். மணிக்கட்டைப் பற்றி நீ எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. ஐம்பதை நெருங்குகிற ஒருவன், வேலை முடிந்த களைப்போடு, பள்ளிக்கூட டிரம் செட்டில் எனக்காக உட்கார்ந்து அடித்திருக்கிறான். ஒரு அடி கூடப் பிசகவில்லை. மெதுவாக, நிதானமாக, ஒவ்வொன்றாக. கேட்டுக்கொண்டே அழுதுவிட்டேன்.

அந்த ஒரு வரியை நான் எழுதியிருக்கவே கூடாது. நீ வேலைக்குப் போனதில் எனக்குக் கோபம் இல்லை. நான் மட்டும் அந்த ஷெட்டில் தனியாக நிற்க வேண்டியிருந்ததே, அந்தப் பயம். பயம் என்று எழுதத் தெரியவில்லை, உனக்கு வலிக்கிற மாதிரி எழுதிவிட்டேன். மன்னித்துவிடு.

அதனால் இந்தத் தடவை உன் வேகத்துக்கே நானும் வந்துவிட்டேன். உறுமப் பார்த்தேன், தொண்டை விடவில்லை. சும்மா வார்த்தைகளைத்தான் நீட்டிப் பாடினேன், எனக்கு வந்த ராகத்தில். என் மனைவி சமையலறையிலிருந்து வந்து வாசற்படியில் நின்று கேட்டாள். நம் பாட்டின் வார்த்தைகள் அவள் காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை.

*கதவெல்லாம் சுவரென்றால் சுவரைத் தட்டு,*
*சுவர் இடிந்தால் வீட்டுக்கு வா.*

"இவ்ளோ நல்ல வார்த்தைய வச்சிக்கிட்டா இத்தன வருஷம் யாருக்கும் புரியாம கத்துனீங்க?" என்றாள். நம் பழைய பாட்டு நோட்டை எடுத்துக் காட்டினேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீ எழுதிய வார்த்தைகள் அவை. எனக்குமே அன்றைக்குத்தான் புரிந்த மாதிரி இருந்தது.

கேசட்டை இத்துடன் அனுப்புகிறேன். உறையைத் தூக்கிப் போட்டுவிடாதே. ஓரத்தில் மீன்கொத்தி இருக்கிறது, பசை தடவித்தான் ஒட்டியிருக்கிறேன். அதை நம்பித் தபால்காரரைச் சோதிக்க வேண்டாம் என்று பக்கத்தில் புதியதும் ஒட்டியிருக்கிறேன். இருபத்தாறு வருஷமும் அகராதிக்குள் வைத்திருந்தேன். தூக்கிப் போட மனம் வரவில்லை, திருப்பி அனுப்ப முகமும் இல்லை.

வியாழக்கிழமைக்கு அப்புறம் எழுதுகிறேன்.

உன்
கரடி


மார்ச் 27, 2019

என் அன்புக் கரடிக்கு,

முட்டாளே.

நான் மெதுவாக அடிக்கவில்லையடா. பன்னிரண்டு நாள், கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டு, வீட்டில் சோற்றுக் கரண்டி கூடப் பிடிக்க முடியாமல் இடது கையால் சாப்பிட்டுப் பழகி அடித்தது. பதினோரு விநாடி. வேண்டுமானால் டீச்சரைக் கேள், அவர்தான் கடிகாரம் பார்த்தார்.

தப்பு என்னுடையதுதான். அந்த நாலு டிராக் மெஷின் ஒலி சுத்தமாக வர வேண்டும் என்பதற்காக டேப்பை இரட்டிப்பு வேகத்தில் ஓட்டும். அதில் பதிந்ததைச் சாதாரண டெக்கில் போட்டால் பாதி வேகத்தில்தான் கேட்கும். அந்தக் காலத்தில் உன்னை நான் அதைத் தொடவே விட்டதில்லை, உனக்கு எப்படித் தெரியும்? டெக்கில் போட ஒரு பிரதி எடுத்து அனுப்பியிருக்க வேண்டும். அடித்து முடித்த சந்தோஷத்தில் அப்படியே உறையில் போட்டுவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மறுபடியும் என்னை மெதுவானவன் என்று சொல்லிவிட்டான் பார் என்று எழுந்து நடந்தேன். அப்புறம் உட்கார்ந்து மிச்சத்தைப் படித்தேன். நான் தளர்ந்துவிட்டேன் என்று நினைத்து, அதைச் சொல்லிக் காட்டாமல், உன் கடைசிப் பாட்டை எனக்காகப் பாதியாகக் குறைத்துப் பாடியிருக்கிறாய். உலகத்திலேயே வேகமான இசையைப் பாடுகிறவன் நீ. இதற்கு மேல் என்னிடம் என்ன மன்னிப்புக் கேட்க இருக்கிறது?

கேசட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கேயே வைத்திருந்த என் மெஷினில் போட்டேன். டிரம்ஸ் அது அடித்த வேகத்துக்கே திரும்பி வந்தது. அதோடு உன் குரலும் இரண்டு மடங்காகி வந்தது. கரடி இல்லை. மெல்லிசான, சுத்தமான, குரல் உடையாத ஒரு பையன். எட்டாம் வகுப்பில் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிப்பானே, மைக் உயரம் எட்டாமல் செங்கல் மேல் ஏறி நின்று, அவனேதான். அவன் குரலைக் கேட்டுத்தான் நான் அவன் பக்கத்து பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தேன். இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

கீழே என் டிரம்ஸ் இடிந்து விழுகிற மாதிரி ஓட, மேலே அவன் பயமே இல்லாமல் 'வீட்டுக்கு வா' என்று பாடுகிறான். எட்டுத் தடவை போட்டுக் கேட்டேன். டீச்சர் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்.

நாளைக்கு உனக்கு அறுவை சிகிச்சை. இன்னொரு தடவை பாடு என்று சொல்ல நேரம் இல்லை. இருந்தாலும் சொல்ல மாட்டேன். சாதாரண டெக்கில் சரியாக ஓடுகிற மாதிரி ஒரு பிரதி எடுத்து இத்துடன் அனுப்புகிறேன். வீட்டுக்கு வந்ததும் கேள்.

மீன்கொத்தியைக் கழுவிக் காயவைத்து அதையும் உள்ளே வைத்திருக்கிறேன். ஒரு இறகு வெளுத்திருக்கிறது, மற்றபடி புதுசு. திருப்பி அனுப்ப வேண்டும், தெரிகிறதா? சாக்குப்போக்குச் சொல்லாமல் பிழைத்து எழுந்து திருப்பி அனுப்பு.

அன்புடன்,
தையல்


ஏப்ரல் 19, 2019

அன்புள்ள தையலுக்கு,

இனி எனக்குப் பேச்செல்லாம் பேனாவில்தான். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. வலி குறைந்திருக்கிறது. சிரித்தால் சத்தம் வருவதில்லை, அதற்குத்தான் இன்னும் பழகவில்லை. உன் கடிதத்தைப் படித்து அப்படித்தான் சிரித்தேன்.

நேற்று மகள் கேசட்டைப் போட்டாள். பதினோரு விநாடி. முடிந்ததும் அவளே மறுபடி போட்டாள்.

"யாருப்பா இந்தப் பையன்?"

நான் என்னைத் தொட்டுக் காட்டினேன்.

ஸ்டாம்பை இந்தத் தடவையும் திருப்பி அனுப்பவில்லை. கோபத்தில் இல்லை. மேஜை மேல் வைத்திருக்கிறேன், நீ வந்து உன் கையால் எடுத்துக்கொள். பேச ஆளில்லாமல் போரடிக்கும் என்று பார்க்காதே. நீ பேசு, நான் கேட்கிறேன்.

வீட்டுக்கு வா.

உன்
கரடி