விலகும் பக்கத்தில் என் முகம்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே மெரிடா நகரம் கொதிக்கிறது. மூட்டுவலிக்காரர்களுக்கான எங்கள் இணையப் பயிற்சியில் இன்றைய பாடம், நாற்காலியில் உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டுவது. நாலு தடவை படம் பிடித்தோம். மூன்று தடவை பக்கத்து வீட்டு நாய் குரைத்துக் கெடுத்தது. ஒரு தடவை காஸ் வண்டிக்காரன்.

தம்பி வில்பெர்த் மட்டும் ஏக குஷி. சந்தாவை நிறுத்தும் பக்கத்தில் என் வீடியோவைப் போட்டதிலிருந்து ஒருத்தரும் விலகுவதில்லையாம். அதில் நான் நெஞ்சில் கை வைத்து, "கிளம்புறீங்களா? நான் என்ன குறை வச்சேன், சொல்லுங்க" என்று கேட்பேன். "அக்கா, உன் மூஞ்சியப் பாத்துட்டு எவ போவா?" என்கிறான். பெரிய வியாபாரி இவன்.

மார்ச் 11

கார்டுப் பணத்தை வசூலித்துத் தரும் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல். எங்கள் சந்தாதாரர்கள் பலர் வங்கிக்குப் போய், 'இந்தப் பணத்தை யார் எடுக்கிறார்கள் என்றே தெரியாது' என்று புகார் கொடுக்கிறார்களாம். ஏப்ரலிலும் இப்படியே இருந்தால் எங்கள் கணக்கை மூடிவிடுவார்களாம்.

மூடினால்? சந்தா வாங்க வேறு வழியில்லை. கடைக்குப் பூட்டுதான். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவள் நான்.

யாரென்றே தெரியாதாம்! தினமும் காலையில் என் மூஞ்சியில்தானே முழிக்கிறார்கள்?

மார்ச் 12

ஏதோ திருட்டுக் கும்பல் என்கிறான் வில்பெர்த். அடுத்தவர் கார்டை வைத்துச் சேர்கிறார்களாம். நாள் முழுக்கத் தேடினோம். ஒரு மண்ணும் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

புகார் கொடுத்தவர்களின் பெயர்களைக் கேட்டு வாங்கினேன்.

மிர்னா.

என் மகனின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்ற மிர்னா. ஞாயிறுதோறும் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, உன் பாடத்தாலதான் மாடிப்படி ஏறுறேன் என்று கன்னத்தைக் கிள்ளுகிறவள். அவ பேங்க்ல போய் என்னைத் தெரியாதுங்கறா! எழுத முடியல.

மார்ச் 15

போய்க் கேட்டேன். முதலில் குடிக்க எதையோ கொடுத்து மழுப்பினாள். அப்புறம் அழுதாள். இரண்டு நாள்தான் பயிற்சி செய்தாளாம். நிறுத்தலாம் என்று அந்தப் பக்கத்தைத் திறந்தால் நான் வந்து நின்றேனாம்.

"நெஞ்சுல கைய வச்சுக்கிட்டுக் கேக்குற, லுசெலி. உன் மூஞ்சியப் பாத்து வேணாம்னு எப்படிடி சொல்றது? பேங்க்ல சொன்னா உனக்கு எங்க தெரியப்போகுதுன்னு நெனச்சேன்."

வேண்டாம் என்றால் எனக்கு மனசு நோகுமாம். என்னைத் திருடி ஆக்கினால் நோகாதாம்! என்ன மரியாதையோ இந்த ஊர் மரியாதை. கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

மார்ச் 17

வீடு வீடாக அழகுச் சாமான் விற்கும் ஃபெலிபா அம்மா படப் புத்தகத்தோடு வந்தார். அவர் விற்கிற கிரீம் எனக்கு ஒத்துக்கொள்ளாது, முகமெல்லாம் அரிக்கும். ஆனாலும் மாதாமாதம் வாங்குகிறேன். பாவம், அவ்வளவு அன்பாகப் பேசுவார். குரல் கேட்டதும் சமையல் மேடைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு, நான் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லி என் கணவர் எர்மிலோவை அனுப்பினேன்.

சொல்லிவிட்டு வந்தவர் மேலே இருந்து என்னை எட்டிப் பார்த்தார். "மிர்னா மேல இன்னும் கோவமாத்தான் இருக்கியா?"

இவர் வாயைத் திறப்பதே அபூர்வம். திறந்தால் இப்படி.

மார்ச் 18

வீடியோவைத் தூக்கச் சொன்னேன். வெறும் பொத்தான் போதும், அழுத்தினால் முடிந்தது. காரணம் சொல்ல விரும்பினால் எழுத ஒரு கட்டம். வில்பெர்த் குதித்தான். கதவைத் திறந்துவிட்டால் ஒருத்தியும் இருக்க மாட்டாள், கம்பெனியை நாமே மூடின மாதிரிதான் என்றான்.

"இப்ப மட்டும் இருக்காங்களாடா? அவங்க பணம்தான் இருக்கு" என்றேன்.

மார்ச் 19

போகிறார்கள். காலையிலிருந்து போகிறார்கள்.

மார்ச் 22

மூன்றில் ஒருவர் போயாச்சு. தம்பி என்னிடம் பேசுவதில்லை. நான் செய்தது சரிதானா? ஆஸ்பத்திரியில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்து ரொம்ப நாளாகிறது.

ஏப்ரல் 30, புதன்

கணக்கை மூடவில்லை! இந்த மாதம் ஒரே ஒரு புகார், அதுவும் நிஜமாகவே கார்டு திருடு போனது. வில்பெர்த் எல்லாம் தன் யோசனை மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். சொல்லிவிட்டுப் போகட்டும். இருக்கிறவர்களை வைத்து ஓட்டிவிடலாம்.

மிர்னா புகாரை அப்போதே திரும்ப வாங்கிக்கொண்டாள். ஆனால் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. நானும் கூப்பிடவில்லை. இன்று மதியம் அவளும் பொத்தானை அழுத்திவிட்டாள். கட்டத்தில் எழுதியிருந்தாள்: "நீ ரொம்ப வேகமா பேசுற. எந்தக் காலுன்னு நான் கண்டுபிடிக்கறதுக்குள்ள அடுத்ததுக்குப் போயிடுற. ஞாயித்துக்கிழமை வர்றேன். பன்னிக்கறி நான் கொண்டு வர்றேன், நீ சமைக்காத."

படிச்சதும் பத்திக்கிட்டு வந்துது. வேகமா? நானா? பழைய பாடம் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன்.

வேகம்தான்.

நாளைக்கு ஃபெலிபா அம்மா புதுப் புத்தகத்தோடும் அந்த அரிக்கிற கிரீமோடும் வருவார். நான்தான் கதவைத் திறக்கப் போகிறேன்.