பெஞ்சிலிருந்து நாற்பது தடவை

1975 ஆகஸ்ட் 11, திங்கள்

காற்று. ஓட்டக் கோட்டுக்குப் போட்ட சுண்ணாம்பு இரண்டாம் மணி அடிப்பதற்குள் பறந்துவிட்டது. கண்ணெல்லாம் மண். மாதச் சோதனை எப்படியோ முடிந்தது.

பத்தாம் வகுப்புப் பேச்சியம்மாள், நின்ற இடத்திலிருந்து தாண்டிய தூரம்:
ஜூன் – 1 மீ. 92
ஜூலை – 1 மீ. 95
இன்று – 1 மீ. 84
நானூறு மீட்டர் ஓட்டத்திலும் மூன்று விநாடி கூடுதல்.

மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் ஏற்றம், இவளுக்கு மட்டும் இறக்கம். அடுத்த மாதம் மாவட்டப் போட்டி. பள்ளிக்கு இருக்கிற ஒரே நம்பிக்கை இவள். எனக்கும். பதிவேட்டில் இவள் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் 'சோம்பல்' என்று எழுதினேன்.

வரிசையில் ஒருத்தி: "ஏளா பேச்சி, தாண்டச் சொன்னா நின்னுக்கிட்டே ஒறங்குதியே!" பேச்சியும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வியாழன் அவளுக்குத் தனிப் பயிற்சி. பெஞ்சிலிருந்து குதித்து, கால் தரையில் பட்ட உடனே மேலே எழும்ப வேண்டும். தோளில் மணல் பை. நாற்பது தடவை.

மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. வீட்டில் இவரிடம் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இருபத்து மூன்றாவது குதியில் பேச்சி நின்றாள். "டீச்சர், முட்டு வலிக்கு."

"எனக்கு இந்த வயசுல வலிக்காத இடமே கெடையாது. குதி." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

முப்பதில் மறுபடி சொன்னாள். இன்னும் பத்துதானே என்றேன்.

முப்பத்தொன்றில் விழுந்தாள். வலது முழங்காலுக்குள் ஏதோ அறுந்த சத்தம். எனக்குக் கேட்டது. பிள்ளைகள் பேச்சு சுவாரசியத்தில் இருந்தார்கள். ஈரத்துணி சுற்றினேன். "ஒண்ணுமில்ல டீச்சர், போயிருவேன்" என்று தோழி ஜெசிந்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டிப் போனாள். ரிக்‌ஷா வைத்து அனுப்பியிருக்கலாம். ஏன் தோன்றவில்லை?

சாயங்காலம் பழைய பயிற்சி முகாம் நோட்டைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்துதான். 'பெஞ்சுக் குதி பத்துக்கு மேல் வேண்டாம். களைப்பாயிருந்தால் கூடவே கூடாது. அளவு இறங்கினால் முதலில் ஓய்வு, பிறகு விசாரணை.' கடைசி வரிக்கு அடிக்கோடு வேறு.

ஆகஸ்ட் 18, திங்கள்

வெள்ளிக்கிழமை கொடியேற்றத்துக்குப் பேச்சி வரவில்லை. இன்றும் இல்லை. ஜெசிந்தாவைக் கேட்டேன்.

"பெரியாஸ்பத்திரியில படுத்திருக்கா டீச்சர். கால்ல மாவுக்கட்டு. வெள்ளிக்கெழம காலையில உப்பளத்துல வழுக்கி விழுந்துட்டாளாம்."

"அளத்துல அவளுக்கு என்ன வேலை?"

"ஒங்களுக்குத் தெரியாதா? அவ அம்மாகூட உப்பு சொமக்கப் போவால்லா. விடியமுன்ன போனா எட்டு மணிக்கு வருவா. பொறகு குளிச்சிட்டுப் பள்ளிக்கூடம்."

எப்போதிருந்து? சின்ன வயதிலிருந்தே லீவு நாட்களில், ஜூலைக் கடைசியிலிருந்து தினமும். வெயில் நன்றாக அடிப்பதால் உப்பு நிறைய விளைகிறதாம்.

ஆக, காலையில் நாலு மணி நேரம் தலையில் உப்புப்பெட்டி. சாயங்காலம் தோளில் என் மணல் பை. எடை, உயரம், மூச்சு, நாடி எல்லாம் குறித்திருக்கிறேன். வீட்டில் என்ன வேலை செய்கிறாய் என்று மூன்று வருஷத்தில் ஒரு தடவை கேட்டதில்லை. அவள் கால் வலுவை என் பயிற்சியின் பலன் என்று ஹெச்.எம்.மிடம் எத்தனை முறை பெருமையடித்தேன்.

'சோம்பல்' இன்னும் அப்படியே இருக்கிறது. பிளேடால் சுரண்டப் பார்த்தேன். தாள் கிழிகிறது.

ஆகஸ்ட் 20, புதன்

மூன்றாம் பீரியடில் பேச்சியின் அம்மா வந்தாள். ஹெச்.எம். அறையில் நானும் இருந்தேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"டீச்சர், எம்மேல கோவப்படாதிய. அன்னைக்கு நாந்தான் அவ பெட்டியில ஒரு மம்பட்டி உப்பு கூடுதலா அள்ளிப் போட்டேன். சீக்கிரம் முடிச்சிட்டுப் போவட்டும்னு பாத்தேன். ஒங்க ஓட்டத்தக் கெடுத்துட்டேன்." கையெடுத்துக் கும்பிட்டாள். விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு.

நான் சொன்னது: "காபி குடிக்கியளா?"



அவள் போன பிறகு ஹெச்.எம். மின்விசிறியைக் கூட்டி வைத்தார்கள். "நல்லவேளை, நம்ம வளாகத்துல நடக்கல." தலையாட்டினேன்.

ராத்திரிக்குத் தோசை. உப்புப் போட மறந்திருக்கிறேன். இவர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஆஸ்பத்திரி. நாலு ஆரஞ்சு வாங்கிப் போனேன். மூட்டுக்குள் சவ்வு கிழிந்திருக்கிறதாம். ஆறு வாரம் கட்டு. பிறகு நடக்கலாம். ஓடுவதைப் பற்றி டாக்டர் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"வழுக்கினியா பேச்சி?"

சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாக: "இல்ல டீச்சர். பெட்டியத் தூக்கி ஒரு எட்டு வச்சேன், கால் மடங்கிட்டு. முந்துன நாளு குதிக்கும்போதே போயிட்டுல்லா. அம்மாட்ட சொல்லிராதிய. பள்ளிக்கூடத்துல பட்டுதுன்னு தெரிஞ்சா அதோட நிறுத்திருவா."

சொல்லாமலிருக்க நல்ல காரணம். அதைக் கேட்டதும் எனக்குள் வந்த நிம்மதியை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் மனசு லேசாகி நடந்தேன்.

கிளம்பும்போது அவள் சொன்னதுதான் பஸ்ஸில் திரும்பத் திரும்ப வந்தது. "அம்மா இப்பம் பாதிப் பெட்டிதான் தூக்குதாளாம். முழுசா நெறைக்கப் பயமா இருக்காம். கங்காணி ஏசுதாராம்."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று இவரிடம் பொய். பதினொரு மணிக்குப் பேச்சி வீடு. வெயில், கருவேல மரம், பூட்டாத கதவு. அம்மா அளத்திலிருந்து அப்போதுதான் வந்து வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

நின்றபடியே சொன்னேன். பெஞ்சு, மணல் பை, நாற்பது என்று நான் வைத்த கணக்கு, எனக்குக் கேட்ட சத்தம். உங்கள் பெட்டியால் வந்ததில்லை என்றேன். மறுநாள் பெட்டி தூக்காமலிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காதோ என்னவோ, அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. பிள்ளையின் படிப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றேன். ஹெச்.எம்.மிடமும் நாளை எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்றேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். செம்பிலிருந்த தண்ணீரை மறு காலில் ஊற்றினாள்.

"படிப்ப எதுக்கு நிறுத்துதேன்? ஓட்டத்துக்கு மட்டும் இனி கூப்பிடாதிய."

சரி என்றேன்.

"வலிக்குன்னு ஒங்ககிட்ட சொன்னாளா?"

"சொன்னா."

"எத்தன தடவ?"

"ரெண்டு தடவ."

செம்பைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு ராத்திரி பூரா எம்பக்கத்துலதான் படுத்திருந்தா. எங்கிட்ட ஒரு தடவகூட சொல்லலியே, டீச்சர்."