காற்றுப் போகாத டயர்

ஞாயிறு, ஒக்டோபர் 12

இன்று அண்ணாவும் நானும் பெல்லெக்ரீனோ மலைக்காட்டில் புதிய சைக்கிள் பாதை ஒன்று தேடிப் போனோம். பாதை பிரிந்த இடத்தில் அவர், "டயர் காத்துப் போச்சு. நீ முன்னாலை போ, நான் வாறன்," என்றார். வெகுநேரமாகியும் வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால், பைன் மரத்தடியில் சைக்கிளும் சப்பாத்தும் மட்டும் கிடந்தன. டயரை அழுத்திப் பார்த்தேன்; கல்லு மாதிரி இருந்தது. அண்ணா மேலே, சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் கோயிலுக்குப் போகும் கல்வழியில் வெறுங்காலோடு ஏறிக்கொண்டிருந்தார். கடவுளே இல்லை என்று கதைக்கிற மனிசன். யாருக்காக இந்த நேர்த்திக்கடன்?

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும், ஊரிலிருக்கும் அம்மாவோடு போனில் கதைக்க வேண்டும் என்று அண்ணாவிடம் கேட்டேன்.

"அம்மா படுத்திட்டா," என்றார். போன ஞாயிறும் இதைத்தான் சொன்னார்.

இங்கே மத்தியானம் என்றால் ஊரில் பின்னேரம் நாலு மணிதான்; வெயில்கூடத் தாழ்ந்திருக்காது.