பரதேசி நிலத்தில் உன் அப்பா

அன்பு மகன் யல்தோவுக்கு, அம்மா ஷ்மூனி எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன், முட்டிவலி விட்டபாடில்லை. நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுவீடன் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்தது. ஆகஸ்டில் வருகிறாயாம், மித்யாத் பட்டணத்தில் சலவைக்கல்லுக்குச் சொல்லிவிட்டாயாம், அப்பாவைப் பரதேசி நிலத்திலிருந்து தோண்டி எடுத்துக் கோயிலடியில் நம் குடும்பக் கல்லறையில் தாத்தா பக்கத்தில் வைக்கப்போகிறாயாம். நன்றாயிருக்கிறதடா! இரண்டு மாதம் மனுஷன் படுக்கையில் கிடந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தபோது உனக்கு லீவு கிடைக்கவில்லை, தோண்டுவதற்கு மட்டும் மூன்று வாரம் கிடைத்திருக்கிறது. அடக்கத்தன்று நீ வந்த லட்சணமும் தெரியாதா? உன் பெரியப்பா மகன் ஷாபோ செல்போனைப் பெட்டிக்கு மேலே தூக்கிப் பிடித்து நின்றான், அதிலிருந்து நீ கத்தினாய், "என்னம்மா இது, பிச்சைக்காரங்களோட போடுறீங்க, இங்க நம்ம சனம் முழுக்கப் பாத்துட்டிருக்கு, என் மானம் போகுது" என்று. சாமியார் ஜெபத்தையே நிறுத்திவிட்டார். சிக்னல் போய்விட்டது என்று ஷாபோ உன்னிடம் சொன்னது பொய். "அதை அணைச்சுப் பையில போடுறா" என்று நான்தான் சொன்னேன்.

பிச்சைக்காரர் இடமா அது? அப்பா நாற்பது வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு புனிதர் மார் எபிரேமின் பாட்டுகளைச் சொல்லிக்கொடுத்தவர், நீயும் அதே பலகையில் உட்கார்ந்து படித்தவன்தானே. ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் ரோமர்கள் நிசிபி ஊரைப் பாரசீகரிடம் கொடுத்தபோது வீடு வாசல் போய் உர்பா ஊருக்கு அகதியாக வந்தவர் அந்தப் புனிதர். பஞ்சம் வந்ததும் எழுதுகோலைக் கீழே போட்டுவிட்டுத் தெருவில் விழுந்து கிடந்தவர்களுக்குக் கட்டில் போட்டு ரொட்டி கொடுத்து, அந்த அலைச்சலிலேயே செத்தார். தன்னைக் கோயிலுக்குள் வைக்க வேண்டாம், சாம்பிராணியும் பட்டுத்துணியும் வேண்டாம், ஊர்பேர் தெரியாதவர்களோடு போடுங்கள் என்று எழுதிவைத்ததைத் தவக்காலத்து முதல் சனிக்கிழமை, அவர் திருநாளில், அப்பா வருஷாவருஷம் வாசிப்பார். ஒன்பது வயதில் நீதான் கேட்டாய், "அப்படியே போட்டாங்களாப்பா?" என்று. "போட்டாங்கடா, கொஞ்ச நாள் கழிச்சுத் தோண்டி எடுத்து ஆயருங்களோட வச்சுட்டாங்க, பெரியவங்க மேல நமக்கு அவ்வளவு பாசம்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஷ்மூனி, என்னையும் கீழ அந்தப் பரதேசி நிலத்துலயே போட்டுடு" என்றார். ஈராக்கிலிருந்து ஓடிவந்த வழியில் செத்தவர்கள், பனியில் விறைத்த ஓர் இடையன், பேர் தெரியாத ஒரு கைக்குழந்தை, இவர்கள்தான் அங்கே. பையன் வந்தால் என்ன சொல்வது என்று கேட்டேன். "வந்தாத்தானே" என்றார்.

சாமியார் உன் பக்கம்தான், கோயிலுக்குப் புது மணி தருவதாகச் சொன்னாயாமே. ஷாபோவும் உன் பக்கம், அவனுக்கு விசா வேண்டும். தோண்டாதே என்று கிழவி சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? அதனால் உன் கடிதம் வந்த மறுநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஷாபோ அடையாளத்துக்கு நட்டிருந்த கல்லைப் பிடுங்கிப் பள்ளத்தில் உருட்டினேன். அங்கே மொத்தம் பதினொரு மேடு, நான்கு நாள் குனிந்து எல்லாவற்றையும் கொத்திப் புதுமண் போட்டுச் சமன் செய்தேன், இடுப்பு விட்டுப்போயிற்று. நேற்று ஷாபோ வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். எது அப்பா என்று இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும், நான் சொல்லப்போவதில்லை.

பிள்ளைகளின் நெற்றியில் முத்தம். மருமகளுக்கு என் ஆசி. உனக்கும் நீண்ட ஆயுசைக் கர்த்தர் தரட்டும், கோபத்தில் எழுதினாலும் அதை மனதாரத்தான் கேட்கிறேன். சலவைக்கல் வேண்டாம் என்று மறக்காமல் இன்றைக்கே சொல்லிவிடு. நீ வா. அப்பாவைக் கும்பிட வேண்டுமென்றால் பதினொரு பேர் முன்னாலும் மண்டியிடு.

உன் அம்மா,
வாத்தியார் கவ்ரியேயின் ஷ்மூனி